பன்னிரண்டு சாக்குக் காப்பிக்கொட்டை

தயாளன் கப்பலைப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார். கண்ணாடியைத் தேடி மாட்டி, கைப்பேசியில் கடலைத் திறந்து, தூத்துக்குடியில் ஏறிய தன் பன்னிரண்டு சாக்குக் காப்பிக்கொட்டை எங்கே மிதக்கிறது என்று பார்த்தாக வேண்டும். "கொழும்புல கப்பல் மாறியாச்சு மோகனா. இனி நேரா பினாங்குதான்!" அடுப்படியிலிருந்து மனைவியின் பதில் வரும்: "பொண்ணு கோலாலம்பூர்ல இருந்து பஸ்ல வந்தப்ப இப்படிப் பாத்தீங்களா?"

கூலிம் தொழிற்பேட்டையில் இருபத்திரண்டு ஆண்டுகள் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தவர். இப்போது டவுனில் சின்னக் கடை எடுத்துக் காப்பி வறுக்கிறார். வறுக்கிற நாளில் ஷிப்ட் முடிந்து வரும் மோட்டார்சைக்கிள்கள் அந்தத் தெருவில் தாமாகவே மெதுவாகப் போகும். தரகர் தரும் கொட்டையைப் பல்லில் கடித்துவிட்டு, "நாலு ஊருக் கொட்டை லா இது, ஒண்ணோட ஒண்ணு பேசாது" என்று துப்புவார். போன ஆண்டு பொறுக்கமாட்டாமல் தாண்டிக்குடி மலைக்கே போய், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் இருளப்பனிடமும் அவர் மனைவி ராக்காயியிடமும் பேசிவிட்டு வந்தார். உள்ளூர் வியாபாரியைத் தவிர யாருக்கும் விற்றறியாதவர்கள், இவர் வாயை நம்பி அந்த ஆண்டு விளைச்சலையே கடல்தாண்டி அனுப்பினார்கள். அது வீணானால் மறுபடி வியாபாரி வாசல்தான்.

கொட்டையின் ஈரப்பதம், பலகைமேல் அடுக்குவது, சாக்குக்குள் பிளாஸ்டிக் உறை, பூச்சியில்லை என்ற சான்றிதழ், எல்லாவற்றுக்கும் குரல்பதிவு அனுப்பியிருந்தார். அங்கே மழையா என்று கேட்டே மூன்று. "சம்மந்தம் பேசக்கூட இம்புட்டு வெசாரிக்க மாட்டாக" என்று ராக்காயி சிரித்தாராம்.

பினாங்குச் சரக்கு இறங்கும் பட்டர்வொர்த் துறைமுகத்தில் பன்னிரண்டாவது சாக்கைத் திறந்த பெண் அதிகாரி, உள்ளேயிருந்து ஒரு கொத்து வேப்பிலையை எடுத்து நீட்டினார். சான்றிதழில் காப்பிக்கொட்டை மட்டும்தான் இருந்தது. கட்டி முடிக்கும் கடைசிச் சாக்கில் வேப்பிலை வைப்பது ராக்காயியின் வழக்கம். பூச்சிக்கும் காவல், கண்ணேறுக்கும் காவல். உலகத்தையே விசாரித்த மனிதர் இதை மட்டும் கேட்காமல் விட்டிருந்தார். மொத்தச் சரக்கையும் எரிக்க வேண்டிவரலாம் என்றார்கள். தயாளன் "புவான், தோலோங் புவான்" என்று மலாயில் கெஞ்சி, மற்ற பதினொன்றையும் பிரித்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பதினொன்று கடைக்கு வந்தன. பன்னிரண்டாவதைச் சாக்கோடு எரித்துவிட்டார்கள்.

அன்று மாலை ராக்காயி போன் செய்தார். "தம்பி, வேப்பெல வச்சிருந்தேனே, பாத்தீகளா? பூச்சி கீச்சி இல்லையே?"

"ஒரு பூச்சி இல்லக்கா." மோகனா முறைத்தார். "ஆனா அடுத்த தடவ வேணாம்க்கா. எங்க ஊர்ல பூச்சியே கெடையாது லா" என்றபடி கழுத்தில் கடித்த கொசுவை அடித்தார்.

"அப்பச் சரி. பன்னெண்டையும் நிக்கவச்சு ஒரு போட்டோ அனுப்புங்க. இவரு பாக்கணுங்கிறாரு, நேத்துலருந்து தூங்கல."

தயாளன் போனை வைத்தார். பிறகு பதினொரு சாக்கையும் சுவரோரம் நிறுத்தினார். தரகரின் பழைய சாக்கொன்றை எடுத்து, பெயர் தெரியாதபடி உட்புறத்தை வெளியே திருப்பி, வீட்டிலிருந்து எடுத்துவந்த தலையணைகளைத் திணித்து வாயைக் கட்டி, வரிசையின் நடுவில் வைத்தார். அது ஒருபக்கமாகச் சாய்ந்தது. மோகனா வந்து, அதன் பின்னால் குனிந்து பிடித்துக்கொண்டார்.

"தல தெரியுது, இன்னும் கொஞ்சம் கீழ" என்றபடி தயாளன் கைப்பேசியை உயர்த்தினார்.