பற்ற மறுத்த புகையிலை

தோடம்பழம் என்கிற ஆரஞ்சின் தோல் காயும் வாசனை மூக்கில் பட்டால் நான் இன்றைக்கும் எழுந்து வெளியே போய்விடுவேன். வீட்டில் யாரும் நம்புவதில்லை. பழத்தோலுக்குப் போய் யாராவது பயப்படுவார்களா என்று கேட்கிறார்கள். நான் பயப்படுகிறேன். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் எங்கள் டாக்டர் ஐயா புகை பிடிக்கும் குழாயான சுங்கானிலிருந்து வந்த வாசனை அது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, இலங்கையில் சண்டை நடந்த காலம். போத்தல் கழுவுவதும் மருந்து கட்டிக் கொடுப்பதும் என் வேலை. ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். அவருக்கு இருந்தது ஒரே ஒரு பித்து: நாக்கைக் கடிக்காமல் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்குகிற புகை. ஊர்ப் புகையிலை நெஞ்சை அடைக்கிறது என்று வெலிமடைப் பக்கத்துச் சூளையில் வாட்டிய மஞ்சள் இலையைக் கலப்பார். அது சப்பென்று இருக்கிறது என்று மறுபடி ஊர் இலையைக் கூட்டுவார். கித்துள் பனையின் இனிப்புப் பாணி தெளித்து, தோடம்பழத் தோலைப் போட்டு மூடி வைப்பார். திறந்து ஒரு சுங்கான் பிடித்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இன்னும் கடிக்குது. ஈரம் காணாது போல" என்பார். கொழுந்து பறித்துவிட்டுத் தலைவலிக்கு மருந்து வாங்க வரும் என் பெரியம்மா, வெற்றிலை வாயோடு அவரைச் சீண்டாமல் போகமாட்டார். "என்னாங்கய்யா, பொயிலைக்குப் பாணி ஊத்துறீங்க! பொங்கலா வைக்கப் போறீங்க? எங்கிட்ட ஒரு கிள்ளு குடுங்க, மென்னு பாத்துச் சொல்லிப்புடுறேன்." ஐயா வெட்கத்தோடு சிரிப்பார்.

ஒரு முறை கலவை அவர் மனதுக்குப் பிடித்துப்போனது. மறுநாள் மருந்து எடுக்க நானும் ஐயாவும் பதுளைக்குப் புறப்பட்டோம். ஆஸ்பத்திரியில் கண் காட்டப் பெரியம்மாவும் வந்தார். அங்கே ஆறுதலாக உட்கார்ந்து பிடிக்கவென்று ஐயா அந்தப் புகையிலையை மருந்துப் போத்தலில் அடைத்து, காய்ந்துவிடக் கூடாதென்று ஈரத்துணி சுற்றிப் பையில் வைத்திருந்தார். இதைவிடப் பெரிய மடத்தனம் உண்டா? அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஐயாவின் அடையாள அட்டையில் பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்று பார்த்த சிப்பாய் அவரைத் தனியே நிறுத்திப் பையைக் கொட்டினான். ஈரத்துணி. அதற்குள் மருந்துப் போத்தல். அதற்குள் கறுப்பாக, பிசுபிசுவென்று, பழவாசனை அடிக்கும் ஏதோ ஒன்று. வெடிமருந்தோ என்று அவன் ஓரடி பின்னால் போனான். துப்பாக்கி நிமிர்ந்தது. ஐயா சிங்களத்தில் திக்கித் திணறி, புகையிலை என்றார். அப்படியென்றால் பற்றவைத்துக் காட்டு என்றான் அவன்.

ஐயா சுங்கானில் அடைத்துக் குச்சியைக் கிழித்தார். பற்றவில்லை. இன்னொரு குச்சி. கன்னம் குழிய இழுத்தார். சுர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நாக்கைக் கடிக்கக் கூடாதென்று அவர் ஊட்டி ஊட்டி வைத்த ஈரம் நெருப்பை ஏற்க மறுத்தது. அவசரத்தில் பெட்டிக் குச்சிகள் எல்லாம் தரையில் சிதறின. புகையிலை என்றால் ஏன் எரியவில்லை என்று சிப்பாய் கத்தினான். தள்ளி நின்ற ஜீப்பைக் கைகாட்டி அழைத்தான். அந்த நாட்களில் ஜீப்பில் ஏற்றப்பட்டவரைத் தேடி எந்த வாசலில் போய் நிற்பதென்று யாருக்கும் தெரியாது. தெய்வமே, தெய்வமே என்று மனசுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியம்மாதான் வரிசையை விட்டு நகர்ந்தார். "துன்கொள, தொரே, துன்கொள!" புகையிலைக்கு அவருக்குத் தெரிந்த சிங்களச் சொல் அது. மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார், சுண்ணாம்பு தடவினார், போத்தலுக்குள் விரலை விட்டு ஒரு கிள்ளு எடுத்து உள்ளே வைத்து மடித்து வாயில் போட்டார். சிப்பாயின் முகத்தைப் பார்த்தபடியே மென்றார். அது புகையிலைதானா என்று அந்த நேரம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பெரியம்மா சுருண்டு விழப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் ஓரமாகத் திரும்பிச் சிவப்பாகத் துப்பிவிட்டு, "பாணி கூடிப்போச்சுங்கய்யா" என்றார். மூத்த சிப்பாய் ஒருவர் வந்து போத்தலை முகர்ந்தார், பெரியம்மாவின் வாயைப் பார்த்தார், எங்களைப் போகச் சொன்னார்.

பஸ்ஸில் ஐயா வெறும் தீப்பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். "ஒன்னுமில்லைங்கய்யா, எல்லாம் போயிருச்சு" என்று பெரியம்மா சொல்லிக்கொண்டே வந்தார். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த கையைப் பெரியம்மா பதுளை வரைக்கும் எடுக்கவே இல்லை.

சண்டை முடிந்த பிறகு, ஓய்வுபெற்றுப் பதுளையில் இருந்த ஐயாவைப் பார்க்கப் போனேன். பெரியம்மா அப்போது உயிரோடு இல்லை. வெளிநாட்டில் வேலை செய்யும் என் தம்பி கொண்டுவந்த சுங்கான் புகையிலை டின் ஒன்றைக் கொடுத்தேன். மூடியைத் திறந்ததும் அதே தோடம்பழ வாசனை; நான் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். ஐயாவின் முகமோ மலர்ந்தது. "அருமையான சாமான், பிள்ளை. இது கடிக்காது" என்று விரலால் அழுத்திப் பார்த்தார். மலர்ந்த முகம் அப்படியே வாடியது. எழுந்து போய், முற்றத்து வெயிலில் பேப்பரை விரித்து, டின்னில் இருந்ததை முழுவதும் கொட்டிப் பரப்பினார்.

"ஐயா, வாசனையெல்லாம் போயிருமே" என்றேன்.

"போகட்டும். ஈரமாக் கிடக்கு."

சோறு சாப்பிட்டு முடிப்பதற்குள் அது சருகாகிவிட்டது. வாசனை இல்லை. நொறுங்கியதை அள்ளிச் சுங்கானில் அடைத்து, கண்ணை அதிலிருந்து எடுக்காமல் குச்சியைக் கிழித்தார். உடனே பிடித்துக்கொண்டது. காரம் தாங்காமல் கண்ணில் நீர் வழிய இருமினார். இருமலுக்கு நடுவே, சுங்கானை எனக்கு நேரே நீட்டிக் காட்டினார்.

"பாத்தியோ பிள்ளை, பத்தீட்டுது."