ஏழாம் நம்பர் ரூமில் ஈரச்சாக்கு

மாடத்திக்குக் கோபம் வராத நாளைத் தாயில்பட்டியில் யாரும் பார்த்ததில்லை. காலையில் கம்பெனி வேனில் ஏறும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"ஏய், கொலுசைக் கழட்டு. தலையில என்ன, ஊக்கா? அதையும் எடு. நைலான் சேலை கட்டிட்டு வந்திருக்கா பாரு, கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி."

வேனில் அவளுக்குச் சரவெடி என்று பட்டப்பெயர். காதில் விழுந்தாலும் கவலைப்பட மாட்டாள். பருத்திக் காட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவள், பட்டாசு ரூமுக்குள் வெடிமருந்து செலுத்த உட்கார்ந்து பதினான்கு வருடம் ஆகியிருந்தது. இரும்பு உரசக் கூடாது, பாதத்தில் மணல் ஒட்டியிருக்கக் கூடாது, வாசலில் பெட்டியை வைத்து வழியை அடைக்கக் கூடாது. இதையெல்லாம் அவளை உட்காரவைத்து யாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு சாவுக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டாள்.

அவள் தங்கை செல்லத்தாய் வெடி விபத்தில் போய் எட்டு வருடம். அப்போது இருவரும் வேறொரு கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து ரூமில் இருந்தார்கள். விசாரணைக் காகிதத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதி முடித்தார்கள். சோற்றுப்பானையை இறக்கக்கூட இரண்டு துணியை மடித்துப் பிடிக்கிறவள் செல்லத்தாய். அந்த இரண்டு வார்த்தையை நினைத்தால் மாடத்திக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறாது.

2007 தீபாவளி சீசனில் போர்மேன் ராஜசிங் ஒரு நீள நோட்டுப் போட்டார். எந்த ரூமில் என்ன ஆபத்து, அது எவ்வளவு பெரியது, அதற்கு என்ன செய்தாயிற்று என்று தினமும் காலையில் எழுத வேண்டும். ரூமுக்கு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். ராஜசிங் ஆபீஸ் நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமலே இருபது ரூமுக்கும் 'அபாயம் ஏதுமில்லை' என்று எழுதிவிடுவார்.

"பார்க்காமலே எழுதுறீகளே அண்ணாச்சி?"

"பார்த்துட்டா மட்டும் வேற என்னத்த எழுதப் போறேன்? போடு தாயி கையெழுத்தை."

திட்டிக்கொண்டே போடுவாள். ஆனாலும் போட்டுவிடுவாள்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் நாலு மணிக்கு இடியோடு மழை பிடித்துக்கொண்டது. இடி இடித்தால் ரூமைவிட்டு ஓடிவிட வேண்டும். எல்லோரும் ஓடினார்கள். ஏழாம் நம்பர் ரூமில் கலந்து வைத்த அலுமினிய மருந்து ஒரு தட்டு நிறைய மிஞ்சிவிட்டது. மருந்து கலக்குகிற பலவேசம் கடைசி ஆளாக நின்று, ஒரு சாக்கைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, தட்டின் மேல் போட்டு மூடிவிட்டுத்தான் வந்தார். ஐம்பது வயது மனிதர். யாரையும் ஒரு சொல் சொல்லத் தெரியாதவர். ஈரத்தைப் போட்டு மூடினால் நெருப்பு அண்டாது என்று நம்பினார். அவர் மட்டுமல்ல, வேனில் வந்த எல்லோருமே அப்படித்தான் நம்பினார்கள்.

மறுநாள் காலை மாடத்தி ஏழாம் நம்பர் ரூம் வாசல் தண்ணீர்த் தொட்டியில் பாதத்தை நனைத்துவிட்டு உள்ளே ஒரு எட்டு வைத்தாள். மூக்கில் ஏறியது. மாட்டுத் தொழுவத்தின் மூத்திர வாடை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் மாடே கிடையாது.

எட்டு வருடத்துக்கு முன்னால் பக்கத்து ரூம் வாசலில் நின்று செல்லத்தாய் சிரித்தாள்: "அக்கா, இங்கன தொழு நாத்தம் அடிக்கி. எந்த மாடு உள்ள வந்து படுத்துச்சோ!" அரை மணி நேரம் கழித்து அந்த ரூம் இல்லை. அதற்கு முந்தின நாளும் மழை. அந்த ரூமிலும் ஒரு ஈரச்சாக்கு கிடந்தது.

தட்டின் மேல் கிடந்த சாக்கிலிருந்து லேசாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

உள்ளே பாயில் உட்காரப்போன ரோஜாவின் கையைப் பிடித்து இழுத்தாள். கல்யாணமாகி மூன்று மாதமே ஆன பக்கத்து வீட்டுப் பெண்.

"மதினி, வளையல் உடைஞ்சிரும்!"

"உடையட்டும். வெளிய வா. பலவேசம் மாமா, நீங்களும் உள்ள போகாதீக!"

சத்தம் கேட்டு ராஜசிங் வந்தார். "பத்து மணிக்கு லாரி வருது. லோடு ஏத்தணும். இங்கன என்ன கூத்து?"

"ஈரம் பட்டு மருந்து சூடேறிக் கிடக்கு. செல்லத்தாய் ரூமுல அடிச்ச அதே தொழு நாத்தம் அடிக்கி. ஒருத்தரும் உள்ள போக மாட்டோம்."

"நனைஞ்ச மருந்து எங்கனயாச்சும் வெடிக்குமா தாயி? நனைஞ்ச பட்டாசை எவனாச்சும் கொளுத்தியிருக்கானா?"

நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். மாடத்திக்கு அவர்கள் மேல்தான் ஆத்திரம் பொங்கியது. "சிரிங்கலே, நல்லாச் சிரிங்க! சாக்குல ஆவி வருதே, கண்ணு அவிஞ்சா போச்சு?"

"மழைக் குளிருக்கு வருது" என்றார் ராஜசிங்.

பலவேசம் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். "எதுக்குச் சண்டை? நான் போட்ட சாக்கு. நானே தட்டைத் தூக்கி வெளிய கொட்டிருதேன்."

அவர் வாசலை நோக்கி நடக்க, மாடத்தி பின்னாலிருந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். சட்டை கிழிந்தது. இரண்டு பேரும் சகதியில் விழுந்தார்கள். "இந்தப் பொம்பளைக்குப் பேய் பிடிச்சிருக்கு" என்று ராஜசிங் சொல்லி முடிக்கவில்லை, வாசல் வழியாக வெள்ளைப் புகை வந்தது.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. வேலிக்கருவைக்குள் விழுந்து எழுந்து ஓடினார்கள். ஏழாம் நம்பர் ரூம் கூரையோடு போனது. முள் கிழித்ததைத் தவிர ஒருவருக்கும் காயமில்லை.

மத்தியானம் ராஜசிங் ஆபீஸுக்குக் கூப்பிட்டு, எழுதி வைத்திருந்த தாளை நீட்டினார். மாடத்தி எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள் என்பதால் ரோஜாவை வாசிக்கச் சொன்னாள். தொழிலாளி பலவேசம் அனுமதியில்லாமல் ஈரச்சாக்கைப் போட்டதே காரணம். கவனக்குறைவு. சாட்சி: மாடத்தி.

அதே வார்த்தை.

"இன்னும் ரெண்டு வரி சேருங்க அண்ணாச்சி. அந்த மருந்துல ஈரம் படக் கூடாதுன்னு இந்தக் கம்பெனியில அவருக்கு யாரும் சொல்லல. போர்மேன் ரூமைப் பார்க்காமலே ஆபத்தில்லன்னு எழுதினாரு. எழுதுங்க, போடுதேன்."

"அதெல்லாம் ரிப்போர்ட்ல வராது."

"அப்ப என் கையெழுத்தும் வராது."

"நாளையிலருந்து நீயும் வராதே."

வெளியே பலவேசம் விரல் மையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவர் ஏற்கெனவே கைநாட்டு வைத்துவிட்டிருந்தார். கேஸ் வராமல் பார்த்துக்கொள்வதாகவும் வேலை போகாது என்றும் சொன்னார்களாம்.

"கூறு இருக்கா உங்களுக்கு? என்னன்னு தெரிஞ்சா வச்சீக?"

"சாக்கு நான்தான் ஆத்தா போட்டேன்" என்றார் அவர். பிறகு, குற்றம் சொல்கிற குரலில் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்: "தொழு நாத்தம் அடிச்சா ஆகாதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கே. எங்கள்ட்ட ஏன் சொல்லல?"

மாடத்தி வீட்டைப் பார்க்க நடந்தாள். கொலுசுக்குக் கத்தினாள், ஊக்குக்குக் கத்தினாள். செல்லத்தாய் சிரித்துக்கொண்டு சொன்னதை மட்டும் எட்டு வருடமாகத் துக்கமாகவே வைத்திருந்தாள். அது ஒரு எச்சரிக்கை என்று அவளுக்கே இன்று காலையில்தான் தெரிந்தது. ஒருநாள் உட்கார்ந்து யோசித்திருந்தால் தெரிந்திருக்காதா? யோசிக்க விடாமல் தடுத்தது எது? அழுகையா, அந்தக் காகிதத்து வார்த்தையா? வீடுவரை நடந்தும் பிடிபடவில்லை. ராஜசிங் மேல் இருந்த ஆத்திரம் அப்படியே இருந்தது. அதோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் விடிந்ததும் வேலை இல்லாதவள் வழக்கமான நேரத்துக்கே தெருமுக்குக்குப் போனாள். பல கம்பெனி வேன்களும் அங்கேதான் ஆள் ஏற்றும். முதல் வேன் வந்ததும் படியில் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. மிஞ்சின அலுமினிய மருந்து மேல ஈரச்சாக்குப் போடாதீக. ரூமுல தொழு நாத்தம் அடிச்சா உள்ள கால் வைக்காதீக. எவன் சொன்னாலும் வைக்காதீக."

"காலையிலேயே சரவெடி ஆரம்பிச்சிருச்சுடோய்" என்று உள்ளேயிருந்து ஒருவன் சொன்னான்.

"ஆமாலே, வெடிக்கத்தான் செய்வேன். நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு. சொல்லிட்டுத்தான் வண்டி கிளம்பும்."

டிரைவர் ஹாரனை அழுத்தினான். அவள் இறங்கவில்லை. உள்ளே முனகிக்கொண்டே நாலைந்து பேர் திருப்பிச் சொன்ன பிறகுதான் இறங்கினாள். பின்னால் அடுத்த வேன் வந்து நின்றது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதன் படியில் ஏறினாள்.