ஏறாத மலைக்கு பூட்ஸ் விற்றவர்

ஸ்லோவேனியாவின் தலைநகர் லூப்லியானாவில் ஆற்றங்கரையை ஒட்டிய ஆண்கள் துணிக்கடையில் நான் கல்லாவில் உட்கார்ந்து பதினெட்டு வருடம் ஆகிறது. சிரில் எனக்கு இரண்டு வருடம் முன்னால் சேர்ந்தவர். அவர் வெறுமனே துணி விற்கிறவர் இல்லை. ஆளைப் பார்த்து உடுத்திவிடுவார். வசந்தம் வந்தால் அவருக்குக் கை ஓயாது. ஏப்ரலில் காலையில் வெயில், மதியம் மழை, சாயங்காலம் குளிர் என்று வானம் படுத்தும் பாட்டுக்கு மலையேறுகிறவர்களின் உடுப்புதான் சரி. ஆனால் அதை அப்படியே மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனால் வழி தப்பி வந்தவன் மாதிரி இருக்கும்.

சிரிலின் கணக்கு எளிது. மலைச் சாமான் இரண்டுக்கு மேல் கூடாது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைமேல் பாசி நிற மழை ஜாக்கெட், காலில் தோல் பூட்ஸ், அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஊர் உடுப்பு. கோட்டுமேல் முதுகுப்பை மாட்டினால் அவருக்குக் கோபம் வரும். "தோள் கசங்குதுல்ல, கையில பிடிய்யா" என்பார், எப்பேர்ப்பட்ட பெரிய மனிதராக இருந்தாலும்.

நாட்டிலேயே உயரமான த்ரிக்லாவ் மலையின் உச்சியை ஒரு தடவையாவது மிதிக்காதவனை இங்கே முழு ஸ்லோவேனியன் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் தடவை ஏறியவனை உச்சியிலேயே குனியவைத்து, பின்பக்கத்தில் கயிற்றால் நாலு போடுவார்கள். சிரில் அந்த அடியை வாங்கியவர் என்றுதான் எல்லோரும் நம்பினோம். அவராகச் சொன்னதில்லை, மற்றவர்கள் சொன்னபோது மறுத்ததும் இல்லை. எங்கள் முதலாளியம்மா நாதா, 'மலையை அறிந்தவர் உங்களை உடுத்துகிறார்' என்று அவர் படத்தைப் பெரிதாக அச்சடித்து வாசல் கண்ணாடியில் ஒட்டினார். அதைத் தாண்டும்போதெல்லாம் சிரில் தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை கொராஸ்த் என்கிற இளைஞன் வந்தான். வங்கியில் புது வேலை. சிரில் உடுத்திவிட்டதும் ஆளே மாறிப்போனான். ஆகஸ்டில் ஆபீஸ் ஆட்களோடு த்ரிக்லாவ் ஏறப் போவதாகச் சொன்னான்.

"அண்ணே, இதே பூட்ஸைப் போட்டுக்கிட்டு ஏறிடலாம்ல? நீங்க சொன்னா வேற வாங்கல."

முதலாளியம்மா அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, சரி என்று சொல்லும்படி தலையை ஆட்டிக் காட்டினார். கடையிலேயே விலை கூடிய பூட்ஸ் அது. சிரில் அதைக் கழற்றி, அடிப்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது தம்பி. நடைபாதைக்கு நல்லாருக்கும். பாறையில நிக்குமான்னு தெரியாது. நான் அந்த மலையில ஏறினதே இல்ல."

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர் விளையாடுகிறார் என்று முதலாளியம்மா சமாளிக்கப் பார்த்தார்.

"விளையாடல. உயரம்னா எனக்குக் கால் நடுங்கும். இருபது வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். நீ ஏறினவங்களாப் பார்த்துக் கேட்டு வாங்கு."

கொராஸ்த் ஜாக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனான். சாயங்காலத்துக்குள் படத்தைக் கிழித்தாகிவிட்டது. கோடை முடியட்டும், சிரிலை வைத்துக்கொள்வதா என்று அப்புறம் பார்க்கலாம் என்றார் முதலாளியம்மா. வாடிக்கைக்காரர் ஒருவர் கயிற்றோடு வந்து, இங்கேயே அடித்துவிடவா என்று கேட்டார். "தரைத்தளத்துல அடிச்சா செல்லாதுங்க" என்று சொல்லி, சிரில் அவருக்குக் கால்சட்டை அளவெடுத்தார். அவர்மேல் எனக்கு உண்மையான மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

ஆகஸ்ட் கடைசியில் மலைவிடுதி முத்திரையோடு கொராஸ்திடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. முதலாளியம்மாதான் வாங்கிச் சத்தமாகப் படித்தார். "அண்ணே, உச்சிக்குக் கீழே மழை பிடித்துக்கொண்டது. ஊர் பூட்ஸில் வந்த எங்கள் மேலாளர் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டார். ஏறினவர்களைக் கேட்டு வாங்கிய பூட்ஸில் என் கால் நின்றது."

படித்துவிட்டு அட்டையை சிரிலிடம் கொடுத்து, இலையுதிர் காலத்துக்கு வாசல் கண்ணாடியில் என்ன வைக்கலாம் என்று கேட்டார்.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார் சிரில். அட்டையோடு உடை மாற்றும் அறைக்குள் போய்த் திரையை இழுத்துக்கொண்டார். வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. அதுவரை நான் யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை.