பச்சை அட்டை போன இடம்

நூலகத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். கழுத்தில் தொங்கும் அட்டையில் 'நூலகத் தொழில்நுட்ப உதவியாளர்' என்று நீளமாக எழுதியிருக்கும். அதை முழுதாகப் படித்தது அவளுடைய மகள் ஒருத்திதான். படித்துவிட்டு, "கிழிஞ்ச புத்தகத்துக்குக் கட்டுப் போடுற நர்ஸ்னு போட்டிருக்கலாம்மா, சுருக்கமா இருக்கும்" என்றாள்.

வேலை ஏறக்குறைய அதுதான். புதிதாக வரும் புத்தகத்துக்கு எண் ஒட்ட வேண்டும், உறை போட வேண்டும். முதுகு பிளந்து வந்ததைப் பிரித்துத் தைத்து, பசை தடவி, இரும்பு அழுத்தியில் வைக்க வேண்டும். அலமாரியில் இடம் மாறி நிற்பதைப் பிடித்து அதன் இடத்தில் சேர்க்க வேண்டும். புத்தக முதுகில் பெயர் சிலவற்றில் மேலிருந்து கீழே ஓடும், சிலவற்றில் கீழிருந்து மேலே. வலமும் இடமும் சாய்ந்து சாய்ந்து படித்ததில் அவள் கழுத்துக்கு நேராக நிற்பது மறந்துவிட்டது. யார் பேசினாலும் தலை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பேசுகிறவர்கள், தாங்கள் சொல்வதை அவள் ரொம்ப அக்கறையாகக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அவள் மனம் அதற்குள் அடுத்த வேலைக்குப் போயிருக்கும்.

உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாத பெண். வீட்டிலும் அப்படித்தான். அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும்போதே டப்பாக்களை உயர வரிசையில் மாற்றி வைப்பாள். அவள் கணவர் மின்வாரியத்தில் வயர்மேன். அவர் தன் பையைத் திறந்து துழாவிவிட்டுக் கேட்பார்: "என் ஸ்க்ரூடிரைவர் இப்ப எந்த அலமாரியில, எந்த நம்பர்ல இருக்கு? சொன்னா நானே போய் எடுத்துக்குவேன்."

"எடுத்த இடத்துல வச்சா நான் ஏன் தொடப்போறேன்?"

"வச்ச இடத்துல நீ விட்டாத்தானே!"

நூலக வாசலை ஒட்டி ஒரு மரப்பெட்டி உண்டு. திருப்பிக் கொடுக்கும் புத்தகத்தை அதில் போட்டுவிட்டு, நிற்காமல் போய்விடலாம். முன்மேசையில் இருப்பவர் ஒவ்வொன்றாக எடுத்து, கருவியால் அதன் பட்டைக்கோட்டில் வெளிச்சம் அடிப்பார். 'பீப்' என்று சத்தம் வந்தால் புத்தகம் திரும்பி வந்துவிட்டது என்று கணினிக்குத் தெரியும். நாள் முழுக்க அந்தச் சத்தத்தோடு வாழ்ந்ததில் அவருக்கே பீப் அண்ணன் என்று பெயராகிவிட்டது. கருவி மக்கர் செய்தால் தன் வாயாலேயே பீப் என்று சொல்லிவிட்டு எண்ணைத் தட்டச்சு செய்வார். அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான்: "பீப் அடிக்காத புத்தகம் இன்னும் வாசகர் வீட்டுலதான் இருக்கு. அது உன் கையிலயே இருந்தாலும் சரி."

ஒரு காலையில் பீப் அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். பம்பரம் தள்ளுவண்டியோடு பெட்டியைக் கடந்தபோது, மேலாக ஒரு தடித்த நாவல் கிடந்தது. முதுகு பிளந்து, நூல் தொங்கி, கொத்தாகச் சில பக்கங்கள் வெளியே எட்டிப் பார்த்தன. அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு அவளால் நடக்க முடியாது. கை போய்விட்டது. எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டு பின்னறைக்குப் போனாள். அண்ணனிடம் அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தாள். அங்கே போனதும் பசை காய்வதற்குள் முடிக்க வேண்டிய வேறு நாலு புத்தகங்கள் இருந்தன. சொல்லவில்லை.

பக்க ஓரங்களில் நீலமாக ஏதோ பொடி அப்பியிருந்தது. அழிப்பானால் துடைத்தாள். தைத்தாள். உளுத்துப்போன பழைய பச்சை அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டுப் பழுப்புத் துணி அட்டை போட்டாள். அழுத்தியிலிருந்து எடுத்ததும், பெயர் ஒட்ட வேண்டிய வரிசையில் நிறுத்தினாள். பெயர் அச்சடிக்கும் இயந்திரத்துக்கு அப்போது ரிப்பன் தீர்ந்திருந்தது. ஆகவே அந்த வரிசை முழுக்கப் பழுப்பு, முழுக்க மொட்டை முதுகு. எது எது என்று பெற்றவளுக்கே தெரியாது.

கெடு தாண்டியதும் கணினி தன்பாட்டுக்கு நினைவூட்டல் அனுப்பியது. அந்தச் சனிக்கிழமை தையற்காரர் வந்தார்.

அவளுடைய தெருமுனையில்தான் அவர் கடை. ஊரே மாஸ்டர் என்று கூப்பிடும். சனிக்கிழமை தவறாமல் நூலகத்துக்கு வருவார். தடித்த நாவலாகப் பார்த்து எடுப்பார், ஒல்லிப் புத்தகத்தைத் தொட மாட்டார். "ரெண்டு மீட்டராவது இருக்கணும் தங்கச்சி, இல்லன்னா எனக்குப் பத்தாது" என்பார் பம்பரத்திடம்.

"பெட்டியிலதான் போட்டேன்" என்றார் மாஸ்டர். "பச்சை அட்டை. கப்பல்ல சமைக்கிறவன் கதை. என் கையாலதான் போட்டேன்."

பீப் அண்ணன் கணினியைப் பார்த்தார். "இங்க வரலையே மாஸ்டர்."

"அப்ப பெட்டி தின்னுடுச்சா?"

செய்தித்தாள் மேசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து, அடுக்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு பம்பரம் அங்கே வந்து சேர்ந்தாள். வண்டியில் பாதி வேலை மிச்சம். வழியை அடைத்துக்கொண்டு சச்சரவு.

"எல்லாருமே போட்டேன்னுதான் மாஸ்டர் சொல்வாங்க" என்றாள். "அப்புறம் கட்டிலுக்கு அடியில இருந்து எடுத்துட்டு வருவாங்க. போய் வீட்டுல நல்லாத் தேடிப் பாருங்க."

யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் அவளைப் பார்த்தார்.

"துணி குடுக்கறவன்தான் என்னைத் திருடன்னு சொல்வான், மிச்சத் துணியை அமுக்கிட்டேன்னு. புத்தகத்துக்குமா?" நீலச் சுண்ணக்கட்டி படிந்த விரல்களால் சட்டைப் பையிலிருந்து உறுப்பினர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். "வச்சுக்குங்க மேடம்."

இத்தனை வருடத்தில் அவர் அவளை மேடம் என்று சொன்னதில்லை. அந்த விரல்களைப் பார்த்தபோது அவளுக்குள் எதுவோ சுருக்கென்றது. என்னவென்று பிடிபடவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. முதலில் அவர் பொய் சொல்கிறார் என்று நிரூபிக்கத்தான் தேடினாள். எல்லா அலமாரியிலும் பச்சையைத் தேடினாள். வரிசைக்குப் பின்னால் விழுந்திருக்குமோ என்று கையை விட்டுத் துழாவினாள். தூசியும் ஒரு பழைய சீப்பும் கிடைத்தன. பிறகு, அவர் பொய் சொல்லவில்லையோ என்று தோன்ற ஆரம்பித்தது. அது இன்னும் மோசம். பார்த்த அலமாரியையே திரும்பப் பார்த்தாள். தான் தைத்த நாவலை அவள் நினைக்கவே இல்லை. அன்றைக்கு அவள் கண்ணில் பட்டது பச்சை அட்டை அல்ல, பிளந்த முதுகு. நோயாளியின் முகத்தை மறந்து புண்ணை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிற நர்ஸ் மாதிரி.

நூலகர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ஒரு புத்தகம்தானேம்மா, விடு. நீ குறுக்கும் நெடுக்குமாப் போறதைப் பார்த்து எனக்குத் தலை சுத்துது."

வீட்டிலும் தப்பவில்லை. கணவரின் சட்டை தைக்கக் கொடுத்திருந்தது. அதை வாங்கிவந்த அன்று அவர் கேட்டார்: "மாஸ்டரை என்ன பண்ணின? எப்பவும் மடிச்சு, தாள்ல சுத்திக் குடுப்பாரு. இன்னைக்குத் தூக்குல போட்ட மாதிரி ஹேங்கரோட கையில குடுக்கறாரு. உன்னை விசாரிக்கவும் இல்லை."

"நான் என்ன பண்ணினேன்? ரூலைச் சொன்னேன்."

"நீ ரூலைச் சொன்ன முகமா இது?"

அவள் எழுந்து போய், ஏற்கெனவே துடைத்த மேடையை மறுபடி துடைத்தாள். அடுத்த நாளிலிருந்து தையற்கடை இருக்கும் முனையை விட்டுவிட்டு, மெக்கானிக் கடைச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். எண்ணெய்ச் சேற்றில் செருப்பு வழுக்கியது. மகள் மட்டும், "அம்மா, நீ தூக்கத்துல 'பச்சை, பச்சை'ன்ற. சிக்னல் போலீஸ் வேலைக்கு மாறிட்டியா?" என்றாள்.

ஒரு வழியாக ரிப்பன் வந்தது. மொட்டை முதுகுகளுக்குப் பெயர் ஒட்ட உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகத் திறந்து, தலைப்புப் பக்கத்தைப் பார்த்து, பெயரைத் தட்டி, அச்சடித்து, ஒட்டிக்கொண்டே வந்தாள். தடித்த ஒன்றைத் திறந்தபோது முதல் பக்கத்திலேயே கப்பல் இருந்தது. சமையற்கட்டும் இருந்தது. கை நின்றது. பக்கங்களைப் புரட்டினாள். தையலை ஒட்டிய மடிப்பில், அழிப்பான் எட்டாத ஆழத்தில், நீலப் பொடி அப்படியே இருந்தது.

காது மடல் சுட்டது. எல்லா இடத்திலும் தேடினாள். தன் முதுகுக்குப் பின்னால் இருந்த வரிசையில் மட்டும் தேடவில்லை.

அந்த இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்து யோசித்திருக்கலாம். யோசிக்கிற ஆள் என்றால் அவளுக்கு அந்தப் பெயரே வந்திருக்காது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முன்மேசைக்கு ஓடினாள். பீப் அண்ணன் கையிலிருந்த கருவியைப் பிடுங்கி, உள்பக்கத்துப் பட்டைக்கோட்டில் தானே வெளிச்சம் அடித்தாள். பீப்.

"எங்க இருந்துச்சு?" என்றார் அண்ணன்.

"என் ரூம்ல. பெட்டியில இருந்து நான்தான் எடுத்தேன். உங்ககிட்ட சொல்லல."

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அலமாரி மாறி நின்னுச்சுன்னு சொல்லிடு. நாம வழக்கமாச் சொல்றதுதானே. யார் கேக்கப் போறா?" சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தவர், நாக்கைக் கடித்துக்கொண்டார். "அய்யய்யோ. மெசேஜ் போயிடுச்சே."

"என்ன மெசேஜ்?"

"தானாப் போறதுதான். 'உங்கள் புத்தகம் இன்று தாமதமாகத் திரும்பப் பெறப்பட்டது. இனி உரிய நாளில் திருப்பிக் கொடுங்கள். நன்றி.' மாஸ்டருக்குப் போயிருக்கு."

அவள் கருவியை மேசையில் வைத்தாள். மாஸ்டர் புத்தகத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, அசிங்கப்பட்ட பிறகு இன்றைக்குக் கொண்டுவந்து போட்டார் என்று நூலகமே அவருக்கு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அனுப்பியது அவள் கை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனாள். இந்தத் தடவை சந்து வழியாகச் சுற்றவில்லை. மாஸ்டர் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். துணி ஓடிக்கொண்டிருந்தது. அவள் படியேறியதைப் பார்த்தும் மிதியை நிறுத்தவில்லை. தையல் ஓரம்வரை போனது, நூலை வெட்டினார், செல்போனை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"படிச்சுட்டேன் மேடம். நன்றின்னு வேற போட்டிருக்கீங்க."

"மாஸ்டர், அது மெஷின் அனுப்பினது. நீங்க சொன்னதுதான் சரி. நீங்க பெட்டியில போட்டீங்க. முதுகு பிஞ்சிருந்துச்சு. பதியறதுக்கு முன்னாடி நான் எடுத்துட்டுப் போயிட்டேன். பச்சை அட்டையைத் தூக்கிப் போட்டுட்டுப் பழுப்பு போட்டது நான்தான். தப்பு என்னோடது."

மாஸ்டர் ஊசியில் நூல் கோத்தார். இரண்டாம் தடவைதான் நுழைந்தது.

"கடையில யாராவது இருக்காங்களா?" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "இல்லையே."

"அன்னைக்கு எத்தனை பேர் இருந்தாங்க? பேப்பர் படிக்கறவங்க எல்லாம் இருந்தாங்க. அதுல ஒருத்தர் எங்கிட்டப் பேன்ட் தைக்கறவரு. போன வாரம் வந்து, 'மாஸ்டர், மிச்சத் துணியையும் சேர்த்துக் குடுத்துடுங்க'ன்னு சிரிக்கறாரு. முன்னாடி கேட்டதே இல்லை." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "கூட்டத்துல கழட்டின சட்டையை ஆளில்லாத கடையில மாட்டிவிட்டா எப்படி மேடம்?"

அவள் கை சும்மா இராமல், மேசையில் சிதறியிருந்த பித்தான்களை அளவு வாரியாகச் சேர்த்துக்கொண்டிருந்தது. அவர் அந்தக் கையையே பார்ப்பது தெரிந்ததும் நிறுத்தினாள்.

"சனிக்கிழமை வாங்க மாஸ்டர்" என்றாள்.

வெள்ளிக்கிழமை இரவு கணவரிடம் சொன்னாள். அவர், "நாலு பேர் முன்னாடி வயர் மாத்திக் குடுத்துட்டேன்னு நானும் ஒரு தடவை சொல்லியிருக்கேன். சொல்லி முடிக்கற வரைக்கும்தான் ஷாக்கு" என்றார். அது ஆறுதலா, பயமுறுத்தலா என்று அவளுக்கு விளங்கவில்லை. காலையில் எழுந்து டப்பாக்களை அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்தாள்.

மாஸ்டர் வழக்கமான நேரத்துக்கு வந்து வாசல் பக்கமாக நின்றார். செய்தித்தாள் மேசை நிரம்பியிருந்தது. சுவரில் 'அமைதி காக்கவும்' என்று பெரிய எழுத்தில் பலகை. அந்தப் பலகையைத் துடைத்து மாட்டியதும் அவள்தான்.

முன்மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தலை தன்னால் ஒரு பக்கம் சாய்ந்தது. நிமிர்த்திக்கொண்டாள்.

"மாஸ்டர் புத்தகத்தைக் குடுக்கலைன்னு அன்னைக்கு இங்க வச்சு நான் சொன்னேன். அவர் ஒழுங்காக் குடுத்திருந்தாரு. பெட்டியில இருந்து எடுத்து என் ரூம்ல வச்சிருந்தது நான்."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "உஸ்ஸ்ஸ்" என்றது.

"உஸ்ஸுன்னா எப்படி?" என்றார் மாஸ்டர் வாசலிலிருந்தே. "எனக்குச் சரியாக் காதுல விழல. இன்னொரு தடவை."

நூலகர் அம்மாள் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பம்பரம் இன்னொரு தடவை சொன்னாள், இந்த முறை பலகையைப் பார்க்காமல். பேன்ட்காரர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, மேசைக்கடியில் எதையோ தேடுகிறவர் போலக் குனிந்தார். மாஸ்டர் அவர் குனிந்திருந்த முதுகை ஆசை தீரப் பார்த்துவிட்டு, பீப் அண்ணனிடம் கையை நீட்டினார். "என் அட்டையைக் குடுங்க."

அன்றைக்கு எடுத்துக்கொண்டு போனது முன்னதைவிடத் தடித்த நாவல்.

இப்போதும் சனிக்கிழமை வருகிறார். பெட்டிப் பக்கமே போவதில்லை. நேராக மேசைக்கு வந்து, புத்தகத்தை நீட்டி, பீப் சத்தம் காதில் விழுகிறவரை நகராமல் நிற்பார். பின்னால் எத்தனை பேர் நின்றாலும் அவருக்குக் கவலை இல்லை. அடுத்த வாரமே, அந்தத் தடித்த நாவல் முதுகு விட்டுப்போய் வந்தது. அதைப் பார்த்ததும் பம்பரத்தின் விரல்கள் தன்னால் விரிந்தன. மாஸ்டர் புத்தகத்தைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"முதல்ல அவர் பீப் அடிக்கட்டும் மேடம்."

மேடம் என்பதை மட்டும் அவர் இன்னும் விடவில்லை. பம்பரம் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். பீப் அண்ணன் கருவியை மெதுவாக, வேண்டுமென்றே ரொம்ப மெதுவாக எடுத்தார்.