அரிசிக்குள் தேடிய சாவி

சக்கரம் இரண்டு கைகளையும் முழங்கை வரை அரிசி டப்பாவுக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா, "அடியில பாரு. கனமா இருக்கிறது அடியிலதான் போகும்" என்றாள். அவள் அடியில் பார்த்தாள். பருப்பு டப்பாவைக் கவிழ்த்தாள். மெத்தை உறையைக் கழற்றி உதறினாள். குப்பைப் பையைத் தாளில் கொட்டி, கையுறை போட்டுக்கொண்டு கிளறினாள். புது வேனின் இரண்டாவது சாவி கிடைக்கவில்லை.

சக்கரம் என்பது அவளுக்கு நாங்கள் வைத்த பெயர். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் தொழிலில் இருக்கும் எங்களில், சக்கர நாற்காலியைப் படியில் இறக்குவதற்கு அவளை விட்டால் ஆள் கிடையாது. உட்கார்ந்திருப்பவரின் கையில் தண்ணீர் டம்ளர் இருந்தாலும் சிந்தாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்து அனுப்பினாள். அதன் பிறகு முழங்கால் தேய்ந்த அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். அண்ணன் ஒருவன், நாலு தெரு தள்ளி. வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவன். மாதத்தில் ஒரு நாள் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லாத்தானே இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போவான். அம்மாவுக்கு அது ஒரு மாதத்துக்குப் போதும்.

பிறருடைய வண்டிகளில் நோயாளிகளைத் தூக்கி ஏற்றி இறக்கியே சக்கரத்தின் இடுப்பு போய்விட்டது. சேமித்ததையெல்லாம் போட்டு இந்த வேனை வாங்கினாள். பின்பக்கம் சாய்பலகை இறங்கும். நாற்காலியோடு ஆளை அப்படியே உள்ளே தள்ளலாம். தரையில் இரும்புத் தண்டவாளம் பதித்திருக்கிறது. அதில் நான்கு பெல்ட்டுகளை மாட்டி, மறுமுனைகளை நாற்காலியின் சட்டத்தில் கொக்கி போட்டு இறுக்க வேண்டும்.

வண்டி எடுத்த அன்று அண்ணனும் அம்மாவும் கூடப் போனார்கள். சாய்பலகையை ஏற்றி இறக்கிப் பார்க்கும் அவசரத்தில், விற்பனைப் பையன் கொடுத்த சின்னத் துணிப் பையைத் திறந்துகூடப் பார்க்காமல் சக்கரம் அம்மாவின் மடியில் வைத்தாள். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் ஒரு சாவிதான் இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்து போகிறவள், வருகிறவளிடம் மாத்திரை, கண்ணாடி, பல்செட், மோதிரம் என்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி ஒப்படைப்பாள். வாங்குகிறவள் தொட்டுப் பார்த்து "இருக்கு" என்பாள். சொந்த அம்மாவிடம் யார் அப்படி வாங்குவார்கள்? சந்தேகம் முழுக்க ஷோரூம் மேல் போயிற்று. ஷோரூமுக்குப் போய் வாடிக்கையாளர்கள் முன்னால் அந்தப் பையனைக் கிழித்துவிட்டாள். ரெண்டும் ஒரே வளையத்தில் போட்டுக் கொடுத்தேன் என்று அவன் சொல்லச் சொல்ல, இவள் குரல் ஏறியது. கடைசியில் மேனேஜர் அவனையே மன்னிப்புக் கேட்க வைத்தார். அவனும் கேட்டான். ஆனாலும் மனம் கேட்காமல் வீட்டில் ஒரு தடவை தேடிப் பார்ப்போம் என்று வந்தவள்தான் அரிசிக்குள் கையை விட்டாள். அம்மாவும் சும்மா இருக்கவில்லை. கைத்தடியால் அலமாரிக்கு அடியில் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

பிறகு வேலையில் அது மறந்துபோயிற்று. காலையில் டயாலிசிஸுக்கு ஆட்களைக் கொண்டுபோவதும் கூட்டி வருவதும் அவள் வேலை. மதியத்துக்கு மேல் பக்கத்திலிருக்கும் முதியோர் இல்லத்துக்கு வேலைக்கு நடந்தே போய்விடுவாள். வேன் வீட்டுக்குப் பின்னால் மதிலோரம் நிற்கும். டீசல் மட்டும் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. அம்மாவிடம் புலம்பினாள். புது வண்டி அப்படித்தான் குடிக்கும், பழகினால் சரியாகும் என்றாள் அம்மா, என்னமோ ஆயுசு முழுக்க லாரி ஓட்டினவள் மாதிரி.

ஒரு திருப்பத்தில்தான் விஷயம் உடைந்தது. உள்ளே இருந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். வண்டி திரும்பியதும் தரையில் மாட்டியிருந்த பின்பக்க பெல்ட் ஒன்று கழன்று, நாற்காலி சரிந்து, அவர் முழங்கால் பக்கச் சுவரில் இடித்தது. தோல் உரிந்து ரத்தம். டயாலிசிஸ் எடுக்கிறவர்களுக்கு ரத்தம் லேசில் நிற்காது. ஓரம் கட்டி, துணி வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தபால்காரர் வலியை மறைத்துக்கொண்டு, "என்னம்மா, என்னை வீட்டு விலாசத்துக்கு அனுப்புறியா, மேல் விலாசத்துக்கா?" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் இறக்கியபோது அவருடைய மனைவி முழங்காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், கதவைச் சாத்தினாள். ஒருவர் கதவைச் சாத்தினால் பத்துப் பேர் சாத்துவார்கள். இந்தத் தொழில் அப்படி.

தவறு தன்னுடையதுதான் என்று நினைத்தாள். பாதித் தவறு அவளுடையதுதான். தரைப் பக்கத்து முனைகளைத் தினமும் கழற்றுவதில்லை. மாட்டியது மாட்டியபடி இருக்கும், நாற்காலிப் பக்கத்தை மட்டும் கொக்கி போடுவாள். வேறு யாரிடமும் சாவி இல்லாத வண்டியில் அதை யார் தொடப்போகிறார்கள்?

குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். நான்கு பெல்ட்டுகளின் தரைமுனையைப் பூட்டும் கைப்பிடிகளும் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் வலது கைக்காரி. அவளுடைய கைப்பிடிகள் வலப்பக்கம்தான் படுத்திருக்கும். யாரோ எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். தண்டவாளத்தின் இடுக்கில் வெள்ளைப் பெயிண்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. அவர்கள் வீட்டில் இடது கையால் சாப்பிட்டு, சின்ன வயதில் அப்பாவிடம் அடி வாங்கினவன் ஒருத்தன்தான்.

அன்று சாயங்காலம் வழக்கம் போல அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, அந்தச் சாவி அண்ணன்கிட்ட இருக்கா?"

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். "எந்தச் சாவி?"

"நாம தேடின சாவி."

அம்மா சொன்னாள். "அவன் கேட்டான்டி. ஏணி, டப்பா எல்லாம் ஏத்திக்கிட்டுப் போக வாடகை வண்டிக்கு அலையறான். உன்கிட்ட கேட்டா நீ குடுக்க மாட்டே. கூடப் பொறந்தவன்தானே, திருடனா?"

"என்கிட்ட கேட்டானா?"

"தங்கச்சிகிட்ட போய்க் கையேந்தச் சொல்றியா அவனை?"

"அரிசிக்குள்ள கைய விட்டுத் தேடச் சொன்னியேம்மா."

"நீ அவ்வளவு தூரம் தேடுவேன்னு நான் நினைக்கல" என்றாள் அம்மா. "ஒரு தடவை பார்த்துட்டு விட்டுடுவேன்னு நினைச்சேன்."

சக்கரம் மற்ற முழங்காலுக்கும் தேய்த்து முடித்தாள். கை கழுவினாள். எண்ணெய்க் கையோடு போனை எடுக்கிறவள் இல்லை அவள். பிறகு அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் மறுக்கவில்லை, சிரித்தான். ஓட்டினால் வண்டி தேய்ந்தா போய்விடும் என்றான். சீட்டைக்கூட அவள் உயரத்துக்கே திரும்பத் தள்ளி வைத்துவிட்டுத்தானே வந்தேன் என்றான், என்னவோ உபகாரம் செய்ததைப் போல. தபால்காரரின் முழங்காலைப் பற்றிச் சொன்னாள்.

"சரி விடு, அடுத்த தடவை சரியா மாட்டிடறேன்" என்றான். சாவியைக் கேட்டதற்கு, அது தன்னிடமே இருக்கட்டும், அம்மாவுக்கு அவசரம் என்றால் உதவும் என்றான். அம்மாவின் அவசரங்களுக்கு அவன் வந்த சரித்திரமே கிடையாது. அவள் போனை வைத்தாள். சண்டை போட்டால் சாவி வந்திருக்கலாம். ஆனால் அதற்கு முன்பே அவன் இன்னொரு சாவி செய்து வைத்திருக்க மாட்டான் என்பதற்கு என்ன நிச்சயம்? கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், யாரை நம்பிக் கேட்பது?

அவள் அழுதாளா என்று என்னைக் கேட்காதீர்கள். அதை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அம்மாவைக் குளிப்பாட்டினாள், மாத்திரை கொடுத்தாள், கைத்தடியை எட்டும் இடத்தில் சாத்தி வைத்தாள். ஷோரூம் திறக்கும்போது வாசலில் நின்றாள். கூட்டம் சேரும் வரை காத்திருந்துவிட்டு, அந்தப் பையனின் மேஜைக்குப் போனாள்.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் திட்டினேன் தம்பி. அதனால எல்லார் முன்னாடியும் சொல்றேன். நீங்க ரெண்டு சாவியும் குடுத்தீங்க. தப்பு எங்க வீட்டுல."

பையனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "பரவாயில்லக்கா. சாவி கிடைச்சிருச்சா?"

"கிடைச்சிருச்சு. அது வேண்டாம். அது வேலை செய்யாம பண்ண முடியுமா?"

முடியும் என்றான். மெக்கானிக் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகி, வண்டியின் நினைவிலிருந்த சாவிகளையெல்லாம் அழித்தார். அவள் கையிலிருந்ததையும் புதிதாக ஒன்றையும் மட்டும் பதிந்தார். பழைய சாவி கதவைத் திறக்கும், உள்ளே போய் உட்காரலாம், ஆனால் இன்ஜின் கிளம்பாது என்றார். கதவுப் பூட்டையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். உட்காரட்டும் என்றாள்.

அங்கிருந்து நேரே தபால்காரர் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த மனைவியிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வண்டியை வீட்டு மனிதர்கள் தனக்குத் தெரியாமல் எடுத்தது, பெல்ட்டைத் தப்பாக மாட்டியது, தான் தரைப்பக்கம் பார்க்காமல் விட்டது. வேறு வண்டி வைத்துக்கொள்வதாக இருந்தால் வருத்தப்பட மாட்டேன், தெரிந்தவர் நம்பர் தருகிறேன் என்றாள்.

மனைவி உள்ளே போய் தபால்காரரின் வெறும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"மாட்டிக் காட்டு" என்றாள்.

சக்கரம் சாய்பலகையை இறக்கி, நாற்காலியை ஏற்றி, தரைமுனையிலிருந்து தொடங்கி நான்கையும் மாட்டி இறுக்கினாள். அந்த அம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேனுக்குள் ஏறி, நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். ஒரு காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தும் பார்த்தாள். நாற்காலி அசையவில்லை.

"நாளைக்கும் இப்படி இழுத்துப் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.