கார்கள் மட்டும் உள்ள கசெட்

தொண்ணூறுகளில் நியூசிலாந்தின் ஓக்லாந்தில், சான்ட்ரிங்ஹாமில் ஒரு வீட்டில் நானும் சிவாவும் வாடகைக்கு இருந்தோம். ஒருநாள் வேலைக்குப் புறப்படும்போது சிவா, "மச்சான், இண்டைக்கு டிவியில சுவீடன் கார் ராலி போடுறாங்கள். எனக்கு ரெக்கோட் பண்ணி வை," என்றான். காரில் ஆசையே இல்லாதவன் ஏன் கேட்கிறான் என்று நான் யோசிக்கவில்லை.

பனியில் சறுக்கிச் சறுக்கி ஓடிய பந்தயம். முதல் இருவருக்கும் கடைசிவரை சில வினாடிகள்தான் வித்தியாசம். விளம்பரம் வந்தாலும், பாதைக் கரையில் நின்ற சனத்தைக் காட்டினாலும், நான் பதிவை நிறுத்தி நிறுத்தி எடுத்தேன்.

மாலையில் சிவா டிவியோடு ஒட்டி உட்கார்ந்து பார்த்தான். முடிந்ததும், "சனத்தைக் காட்டேல்லையே?" என்றான்.

"காட்டினவங்கள். நான் வெட்டிட்டன். கார் மட்டும்தான்," என்றேன் பெருமையாக.

"சுவீடனில இருக்கிற என்ர தம்பி, சிவப்புத் தொப்பியோட கரையில நிப்பன் எண்டு போனில சொன்னவன். அவனைக் கண்டு ஆறு வருசம், மச்சான்."

அவன் கோபிக்கவில்லை. கசெட்டை மறுபடி ஓட்டினான். ஒரு வளைவில், காருக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ தெரிந்ததும் நிறுத்தினான்.

"இவன்தானோ?"

அது விளம்பரப் பலகையின் மூலை. "ஓம், அவன்தான்," என்றேன்.

அவனுடைய ஆறுதலுக்காகச் சொன்னேன் என்றுதான் பல காலம் நினைத்திருந்தேன். இல்லை. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் சொன்னேன்.