ஒன்றாம் நம்பர் தட்டு

ஐம்பத்து நான்கு வயதில் முதன்முதலாகத் தன் பெயரில் ஒரு வாடகை வீடு எடுத்தாள் சம்பூர்ணம். பெங்களூர் ஜீவனஹள்ளியில் ஒரு குறுகிய சந்து, அதில் இரண்டாவது மாடி. ஒரு ஹால், ஒரு அறை, திரும்பினால் இடுப்பு இடிக்கும் சமையலறை. சாவி கைக்கு வந்த அன்று கதவை உள்ளேயிருந்து பூட்டினாள், திறந்தாள், மறுபடியும் பூட்டினாள். பதினாலு வருஷம் ஒரு விடுதியில் ஊரார் பெண்களை உள்ளே வைத்துப் பூட்டியவளுக்குத் தன் வீட்டைப் பூட்டிப் பார்ப்பதில் அப்படியொரு ஆசை.

இந்த வயதில் தனியாளுக்கு எதற்கு இத்தனை பெரிய வீடு என்று கேட்டார்கள். பதில் ஒன்றுதான், அவள் மகள் லீனா. பதினெட்டு வருஷமாக அம்மாவும் மகளும் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்ததில்லை.

சம்பூர்ணம் கோலார் தங்கவயல்காரி. கணவன் டேவிட் சுரங்கத்தில் இருந்தவன். சுரங்கத்தை மூடிய பிறகு விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வந்து, கிடைத்த வேலையைச் செய்துவிட்டுத் திரும்புவான். லீனாவுக்கு ஐந்து வயது நடக்கும்போது ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பிள்ளையை நாத்தனார் கிரேஸிடம் விட்டுவிட்டு, ஆஸ்டின் டவுனில் ஒரு பெண்கள் விடுதியில் சமையலுக்குச் சேர்ந்தாள் சம்பூர்ணம். நாலே வருஷத்தில் மேட்ரன் ஆகிவிட்டாள். அவள் கையில் சாவிக்கொத்து வந்தபின் அந்த விடுதியில் ஒரு தேக்கரண்டிகூடக் காணாமல் போனதில்லை. ஆனால் ஊழியர்களின் பிள்ளைகள் அங்கே தங்கக் கூடாது. அந்தச் சட்டத்தை மட்டும் அவளால் அசைக்க முடியவில்லை.

லீனா பத்து வயதில் ஒரே ஒருநாள் அம்மாவைப் பார்க்க வந்தாள். மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் நாற்பது பெண்களும் அவரவர் நம்பர் போட்ட தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். லீனாவும் வரிசையில் போய் நின்று, எனக்கு எந்த நம்பர் என்று கேட்டாள். அவளுக்கு நம்பர் இல்லை. அதனால் தட்டும் இல்லை. எல்லாரும் சாப்பிட்டு முடிந்த பிறகு, சாமான் அறையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, சோற்றுப் பானையின் மூடியைத் திருப்பிப் போட்டு அதில் பரிமாறினாள் சம்பூர்ணம். நடுவே குழிந்த மூடி. குழம்பெல்லாம் குழியில் தேங்கிக்கொண்டது. பிள்ளை அதிலேயே சாப்பிட்டு முடித்தது. பெற்றவள் அந்த மூடியைப் பிறகு மறக்கவே இல்லை.

லீனாவுக்கு இப்போது இருபத்து மூன்று. ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை, அல்சூரில் மூன்று பேர் தங்கும் அறையில் ஒரு கட்டில் வாடகைக்கு எடுத்து பீஜி வாசம். விடுதி ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, அங்கேயும் வந்துவிடுங்கள், மேட்ரனுக்குத் தனி அறை உண்டு என்று நிர்வாகம் அழைத்தது. சம்பூர்ணம் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, காக்ஸ் டவுனில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் பகல் வேலை பார்த்துக்கொண்டாள். வீடு எடுத்த சேதியை மகளிடம் போனில் சொல்லி, நீயும் வந்துவிடு என்றாள். 

“பாக்கலாம்மா. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழம வந்து பாக்கறேன்.”

அதில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. ரிப்போர்ட் கேட்டு வந்தவரிடம் பேசுகிற குரல் அது. ஞாயிறுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் ஒரு வீட்டை உண்டாக்க வேண்டும், அதைப் பார்த்ததும் பெண்ணுக்கு இருந்துவிடத் தோன்ற வேண்டும்.

அட்வான்ஸ் கொடுத்தது போக அவளிடம் மிஞ்சியது பதினோராயிரம். புது சோபாவுக்கே போதாது. ஆனால் சம்பூர்ணத்தை அப்படி லேசாக எடைபோட்டுவிடக் கூடாது. பழைய விடுதியின் சாமான்கள் எடைக்குப் போகவிருந்தன. அவற்றில் இரண்டு இரும்புக் கட்டில், இரண்டு லாக்கர், இரண்டு ஸ்டூல், நீலக் கட்டம் போட்ட போர்வைகள் எல்லாவற்றையும் இரும்பு விலைக்கே பேசி வாங்கி, டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பெயிண்ட் கடையில் பாதி தீர்ந்த டிஸ்டெம்பர் டப்பாக்களாகப் பார்த்து நாலு வாங்கி, ஒன்றாகக் கலந்து, பால் ஊற்றிய டீ நிறத்துக்குக் கொண்டுவந்து, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தானே சுவருக்கு அடித்தாள். கட்டில்களுக்குப் பச்சை எனாமல். போர்வைகளைக் கிழித்து ஜன்னலுக்கெல்லாம் ஒரே மாதிரி திரைகள். அறையில் இரண்டு கட்டிலும் இணையாக, நடுவே லாக்கர்கள், ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் ஒரு ஸ்டூல். நூல் பிடித்த மாதிரி இருந்தது.

கடைசியாக, மெல்லிய பிரஷ் ஒன்றை வாங்கிவந்து, லீனாவின் கட்டில் காலில் வெள்ளை பெயிண்டால் அழகாக 1 என்று எழுதினாள். லாக்கரில் 1, பக்கெட்டில் 1, மக்கில் 1. தன்னுடையவற்றில் 2. பாத்திரக் கடைக்குப் போய் இரண்டு புது எவர்சில்வர் தட்டு வாங்கி, அவற்றிலும் 1, 2 என்று வெட்டச் சொன்னாள். எல்லாரும் பேர்தானே வெட்டுவார்கள் என்று கடைக்காரர் கேட்டதற்கு, எங்க வீட்டுல இப்படித்தான் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள். நம்பர் இல்லாமல் நின்ற பிள்ளைக்கு இந்த வீட்டில் முதல் நம்பர். இதற்குமேல் ஒரு தாய் என்ன செய்துவிட முடியும்?

புதன்கிழமை மாலை கீழ்வீட்டு சந்திரம்மா படியேறி வந்தாள். வீட்டுக்காரி அவள்தான். கன்னடக்காரி, இந்தச் சந்தில் முப்பது வருஷம் இருந்ததில் தமிழும் அவளுக்குச் சொந்தமாகிவிட்டது. கையில் ஒரு கிண்ணம் அவரைக்காய் போட்ட உப்பிட்டு, அதாவது உப்புமா. ஹாலைப் பார்த்தாள், அறைக்குள் எட்டிப் பார்த்தாள், கட்டில் காலைக் குனிந்து பார்த்தாள். கதவின் பின்னால் ஒட்டியிருந்த காகிதத்தை வரி வரியாகப் படித்தாள். எழும் நேரம், குளிக்கும் நேரம், தண்ணீர் வரும் நாள், விளக்கணைக்கும் நேரம் என்று மணிமணியான எழுத்தில் சம்பூர்ணம் எழுதி ஒட்டியிருந்தாள்.

“ஏன் சம்பூர்ணம்மா, பீஜி நடத்தப் போறீங்களா? ஃபேமிலின்னு சொல்லித்தானே வீடு கேட்டீங்க. ஒரு பெட்டுக்கு எவ்ளோ வாங்கறீங்க?”

 இது என் மகளுக்காக என்று சம்பூர்ணம் ஒருவழியாகச் சொன்னாள். சந்திரம்மா நல்லவள், நாக்கைக் கடித்துக்கொண்டு, ரொம்ப சுத்தமா இருக்குது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவள் போன பிறகு சம்பூர்ணம் வாசலில் நின்று தன் வீட்டைத் தானே பார்த்தாள். கண்ணைக் கட்டி விட்டாலும் நடமாடத் தெரிந்த இடம் அது. ஆஸ்டின் டவுன் விடுதியின் ஆறாவது அறை. மகளைச் சேர்க்காத இடத்தைப் பைசா பைசாவாகச் செலவழித்து அப்படியே இங்கே கட்டி வைத்திருந்தாள். இரண்டாம் நம்பர் ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அழுகை அரைமணி நேரம்தான். முகத்தைக் கழுவிக்கொண்டதும் மேட்ரன் புத்தி வேலை செய்தது. வீடு என்றால் எப்படி இருக்கும்? அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததை ஒத்துக்கொள்ள அவள் கூச்சப்படவும் இல்லை. மறுநாள் வேலை முடிந்து வரும்போது வேண்டுமென்றே சந்து சந்தாகச் சுற்றி நடந்தாள். ஜீவனஹள்ளியில் சாயங்காலம் யாரும் கதவைச் சாத்துவதில்லை. ஒரு வீட்டில் நாற்காலி தெரியாத அளவுக்கு அதன்மேல் துணி குவிந்திருந்தது. இன்னொரு வீட்டில் ஃபிரிட்ஜ் தலையில் மாத்திரை டப்பா, மாதா சொரூபம், போன வருஷத்துக் கல்யாணப் பத்திரிகை எல்லாம் கூட்டுக் குடித்தனம். ஒரு வீட்டு சோபா ஒருத்தர் உட்கார்ந்து உட்கார்ந்தே அவர் அளவுக்குப் பள்ளமாகியிருந்தது. எந்த வீட்டிலும் ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. யாரும் எதற்கும் நேரம் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. வெங்காயம் வாங்க மறந்துபோய், இந்தப் பாடத்தை மட்டும் கற்றுக்கொண்டு வந்தாள்.

மீதி இருந்த நாட்களில் அவள் செய்ததைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். காகிதத்தைக் கிழித்தாள், தண்ணீர் வரும் நாளை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டாள். அது இல்லாமல் பெங்களூரில் பிழைக்க முடியாது. தன் கட்டிலை ஹாலுக்கு இழுத்து, சுவரோரம் போட்டு, பழைய புடவையில் உறை தைத்து, கந்தல் அடைத்த இரண்டு திண்டுகளைச் சாய்த்தாள். கட்டில் சோபாவாகிவிட்டது. ஒரு லாக்கரை, பழைய சாமான் வாங்கும் குஜரிக் கடையில் கொடுத்து, அங்கே உடைசல்களுக்கு நடுவே கிடந்த பிரம்பு நாற்காலியை மாற்றிக்கொண்டாள். அடியில் பிரம்பு அறுந்திருந்தது. கூடை பின்னுகிற வயரால் தானே பின்னினாள். ஒரே நிறத்தில் போதவில்லை என்பதால் மஞ்சள், சிவப்பு, ஊதா என்று மூன்றிலும் பின்னினாள். அதுதான் அந்த வீட்டிலேயே அழகான பொருள் என்று இன்றைக்கும் வருகிறவர்கள் சொல்கிறார்கள். இன்னொரு லாக்கரை ஜன்னலடியில் படுக்கப் போட்டு, மேலே மெத்தை வைத்து உட்காரும் இடமாக்கினாள். ஜன்னல் திரைகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு புடவை. லீனாவின் ஞானஸ்நானத்தன்று தான் கட்டியிருந்த மாம்பழ நிறப் புடவை மகளின் ஜன்னலுக்குப் போனது.

நம்பர்களை உப்புத்தாளால் தேய்த்தாள். மூன்று மாலை தேய்த்ததில் விரல் நுனி எரிந்தது. வெள்ளையோடு பச்சையும் போய், கட்டில் காலில் ஒரு சொரசொரப்பு தங்கிவிட்டது. திரும்ப அடிக்கப் பெயிண்டும் இல்லை, பணமும் இல்லை. தட்டில் வெட்டிய எண்ணோ உப்புத்தாளுக்கு மசியவில்லை. இரண்டு தட்டையும் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, சந்திரம்மாவிடம் இரண்டு தட்டு இரவல் வாங்கிவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் வாங்கிக்கொண்டு வந்தாள் லீனா. வந்ததும் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து காலை மேலே தூக்கிப் போட்டுக்கொண்டாள். காலை இறக்கு என்று வாய்வரை வந்ததை சம்பூர்ணம் விழுங்கினாள். லீனா எழுந்து வீட்டைச் சுற்றினாள், மாம்பழ நிறத் திரையைத் தொட்டுப் பார்த்தாள். சாப்பிட உட்காரும்போது ஊறுகாய் எடுக்க அவளே சமையலறைக்குப் போனாள். ஊறுகாயோடு, அரிசி டின்னுக்குப் பின்னால் கண்ணில் பட்ட ஒரு தட்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

“என்னம்மா இது? ஒண்ணுன்னு வெட்டியிருக்கு?”

மறைக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள் சம்பூர்ணம். கட்டில் காலில் எழுதியது, சந்திரம்மா கேட்டது, உப்புத்தாள் எல்லாம். பெட்டுக்கு எவ்வளவு என்று கேட்ட இடத்தில் லீனா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நம்பர் எதற்கு என்று சொல்ல வேண்டிய இடம் வந்ததும் சம்பூர்ணம் மகள் கையிலிருந்த தட்டைத் தொட்டுக் காட்டினாள்.

“அன்னிக்கி உனுக்குத் தட்டு இல்லியேடி. மூடியில போட்டேனே. அதான்.”

லீனாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

“எனக்கு ஞாபகம் இருக்கும்மா,” என்றாள்.

 அந்தத் தட்டை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு, சந்திரம்மாவின் தட்டில் சாப்பிட்டாள். அறையைக் கடக்கும்போது கட்டில் காலின் சொரசொரப்பைக் குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள். ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டாள். வருவாயா என்று கேட்கக் கூடாதென்று சம்பூர்ணம் முன்னமே தனக்குத்தானே சத்தியம் செய்திருந்தாள். கேட்கவில்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்து, சொன்னதே தப்பு, ஆறின புண்ணைக் கிளறிவிட்டோம் என்று நாள் கணக்கில் மனசுக்குள் புழுங்கினாள். மகள் எப்போது வருகிறாள் என்று சந்திரம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து மூன்றாம் தடவை கேட்காமல் விட்டாள்.

முப்பதாம் தேதி மத்தியானம் சந்து முனையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. சுருட்டிய மெத்தை, இரண்டு பெட்டி, ஒரு சிவப்பு பக்கெட். லீனா மூச்சிரைக்கப் படியேறி வந்து பக்கெட்டை அம்மாவிடம் நீட்டினாள். அதில் பீஜிக்காரர்கள் கறுப்புப் பெயிண்டால் 7C என்று எழுதியிருந்தார்கள்.

“உப்புத்தாள் மிச்சம் இருந்தா இதத் தேச்சுடும்மா. தட்டுல இருக்கறது இருக்கட்டும்.”

சொல்லிவிட்டு நேரே சமையலறைக்குப் போய், அரிசி டின்னுக்குப் பின்னால் கையை விட்டுத் தட்டை எடுத்துக் கழுவிக்கொண்டு வந்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். சம்பூர்ணம் பானையின் மூடியைத் திறந்து ஓரமாக வைத்துவிட்டு, ஒன்றாம் நம்பர் தட்டில் சோறு போட்டாள்.